பழைய மின்சாரக் காருக்குப் புதிய பற்றரி: வேகம் எங்கே சிக்கிக் கிடக்கிறது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்கள் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. அரை மணித்தியாலத்தில் பெரும்பகுதி சார்ஜ் ஏறும், ஒரே மூச்சில் முந்நூறு நானூறு கிலோமீற்றர் ஓடும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. ஆனால் அந்தக் கார்களின் விலை சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டாதது. எட்டுவது, பத்து ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானிலிருந்து வந்து, இரண்டு மூன்று கை மாறிய பழைய நிசான் லீஃப்தான்.

அந்தப் பழைய கார்களை வைத்திருப்பவர்களிடமும் வாங்க நினைப்பவர்களிடமும் இப்போது ஒரே கேள்விதான் இருக்கிறது. "பெரிய பற்றரி ஒன்றை மாற்றிப் போட்டால் புதுக் கார் மாதிரிக் கெதியாகச் சார்ஜ் ஏறுமா?" ஏறும் என்று சொல்லிப் பல இலட்சம் ரூபாய் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மகளோ அனுப்பும் பணத்தில், அல்லது லீசிங்கில், அல்லது நகையை அடகு வைத்து இந்த முடிவை எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு விளம்பரத்தை விடத் தெளிவான பதில் ஒன்று தேவை.

சுருக்கமான பதில் இதுதான்: பற்றரியை மாற்றினால் கார் தூரம் ஓடும். வேகமாகச் சார்ஜ் ஏறுவது பற்றரியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இடத்தில்தான் பணம் வீணாகிறது.

இந்தக் கார்கள் எப்படி வந்தன?

நிசான் லீஃப் 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பெருந்தொகையில் தயாரிக்கப்பட்ட முதல் மின்சாரக் கார்களில் அது முக்கியமானது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மின்சாரக் கார்களுக்கான வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் பாவித்த லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இங்கு இறக்கப்பட்டன. பின்னர் வரி உயர்ந்தது, வரத்துக் குறைந்தது. 2020இல் இறக்குமதியே நின்றது. அதனால் இன்று நம் வீதிகளில் ஓடும் லீஃப் கார்களில் பெரும்பாலானவை 24 கிலோவாட் மணி பற்றரி கொண்ட, பத்து வயதைக் கடந்த கார்கள்.

2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது இந்தக் கார்களுக்குப் புது மதிப்பு வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூ.ஆர். அட்டையும் வாராந்தப் பங்கீடும் வந்தன. அந்த மாதங்களில் வீட்டுச் சுவரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வடக்கில் வாடகைக்கு ஓடுபவர்கள், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர்கள், ஊரூராகச் சென்று வேலை செய்பவர்கள் என்று பலர் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காரில் கிளச் இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. போரில் இடது காலை இழந்த ஒருவருக்கு அது சிறிய விடயம் அல்ல.

ஆனால் பற்றரி தேய்ந்துகொண்டே போகிறது. புதிதாக இருந்தபோது நல்ல ஓட்டத்தில் 120 அல்லது 130 கிலோமீற்றர் சென்ற கார், இன்று 75 அல்லது 80 கிலோமீற்றரில் நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 65 கிலோமீற்றர் வரை. வவுனியா 140 கிலோமீற்றர் வரை. முல்லைத்தீவிலிருந்து ஒரு நோயாளியை யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இங்கேதான் பற்றரி ஒரு வீட்டுப் பிரச்சினையாக மாறுகிறது.

தேய்ந்த பற்றரிக்குள் நடப்பது

லீஃபின் பற்றரி ஒரே கட்டி அல்ல. 24 கிலோவாட் மணிப் பெட்டிக்குள் 192 செல்கள் உள்ளன. இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 சோடிகளாக, சங்கிலி போல ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானால் முழுச் சங்கிலியும் அந்தக் கண்ணி தாங்கும் அளவுக்குத்தான் உழைக்கும். பற்றரியும் அப்படித்தான். 95 சோடிகள் நன்றாக இருந்து ஒரு சோடி இறங்கிவிட்டால், கார் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் "போதும்" என்று நிறுத்தும். சார்ஜ் ஏறும்போதும் முதலில் நிரம்பிவிடும் சோடிதான் மற்ற எல்லாவற்றையும் தடுக்கும்.

காரின் முகப்பில் வலது ஓரத்தில் 12 சிறு கோடுகள் இருக்கின்றன. அவை இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைக் காட்டுபவை அல்ல. பற்றரியின் உடல்நிலையைக் காட்டுபவை. முதலாவது கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 வீதம் கொள்ளளவு போய்விட்டிருக்கும். அதன் பின்னர் ஒவ்வொரு கோட்டுக்கும் 6 வீதம் அளவில் குறையும். 8 கோடுகள் மிஞ்சியிருக்கும் காரில் ஆரம்பக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது.

தேய்வுக்கு முதல் எதிரி வெப்பம். லீஃபின் பற்றரிக்கு நீர்க் குளிரூட்டல் இல்லை, விசிறியும் இல்லை. அடியில் உள்ள உலோகப் பெட்டி, ஓடும்போது படும் காற்றில் தானாக ஆற வேண்டியதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012இலேயே இந்தப் பற்றரிகள் எதிர்பார்த்ததை விட வேகமாகத் தேய்வதாக உரிமையாளர்கள் முறையிட்டார்கள். பின்னர் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் செல்களை நிசான் கொண்டுவந்தது. நமது ஊரின் சித்திரை, வைகாசி வெயிலில், தார் வீதியின் மேல் ஓடும் பெட்டிக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

தேய்வு இரண்டு வகையில் சார்ஜ் வேகத்தைப் பாதிக்கிறது. ஒன்று, கொள்ளளவு குறைகிறது. மற்றது, செல்லுக்குள் மின்னோட்டத்துக்கு உள்ள தடை கூடுகிறது. தடை கூடினால், அதே மின்னோட்டத்தில் கூடுதலாகச் சூடாகும். செல்லின் மின்னழுத்தமும் வேளைக்கே உச்ச எல்லையைத் தொட்டுவிடும். உடனே காரின் கணினி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பழைய லீஃபை வேகச் சார்ஜரில் போட்டால் முதல் சில நிமிடங்கள் நன்றாக ஏறி, பாதியைத் தாண்டியதும் ஆமை போல நகர்வதற்குக் காரணம் இதுதான். பழுது என்று நினைத்துக் கராஜுக்கு ஓடுபவர்கள் உண்டு. அது பழுது அல்ல, பற்றரி தன்னைக் காத்துக்கொள்கிறது.

வேகத்துக்கு நான்கு கதவுகள்

சார்ஜ் ஏறும் பாதையில் நான்கு கதவுகள் உள்ளன. எது மிக ஒடுக்கமோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். மற்ற மூன்றையும் எவ்வளவு அகலமாக்கினாலும் பயனில்லை.

முதலாவது, வீட்டு மின்னிணைப்பு. சாதாரண 13 அம்பியர் சொக்கெற்றில் மணிக்கணக்காகப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 10 அம்பியர் அளவுதான். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாட். பழைய வயரிங், தளர்ந்த சொக்கெற் என்றால் அதுவும் ஆபத்து. இரவு முழுவதும் சூடாகி உருகிய பிளக்குகள் அரிதானவை அல்ல.

இரண்டாவது, காருக்குள் இருக்கும் சார்ஜர். வீட்டு மின்சாரம் மாறோட்டம். பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். அதை மாற்றித் தருவது காருக்குள் உள்ள இந்தக் கருவி. ஜப்பானிலிருந்து வந்த பழைய லீஃப்களில் பெரும்பாலானவற்றில் இது 3 கிலோவாட் அளவிலானது. சிலவற்றில் மட்டும் 6 கிலோவாட்.

மூன்றாவது, பற்றரி. நான்காவது, வீதியோர வேகச் சார்ஜர். அது காருக்குள் உள்ள சார்ஜரைத் தாண்டி நேரோட்டத்தை நேரடியாகப் பற்றரிக்குக் கொடுக்கும். பழைய லீஃபில் இதற்கு உள்ள வழி சாடெமோ என்ற ஜப்பானிய இணைப்பு. அதன் உச்சம் 50 கிலோவாட் அளவு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 24 கிலோவாட் மணிப் பற்றரியை எடுத்துவிட்டு 40 கிலோவாட் மணிப் பற்றரியைப் போடுகிறோம். வீட்டில் சார்ஜ் செய்கிறோம். கதவு இன்னமும் 3 கிலோவாட்தான். முன்னர் வெறுமையிலிருந்து நிரம்ப 8 மணித்தியாலம் எடுத்தது. இப்போது 13 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சாதாரண சொக்கெற்றில் என்றால் 17 மணித்தியாலத்தைத் தாண்டும். பல இலட்சம் கொடுத்துப் பற்றரி மாற்றியவர் மறுநாள் காலையில் "முந்தியை விட மெதுவாக ஏறுது" என்று முறையிடுவது இதனால்தான். உண்மையில் மெதுவாகவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறும் அளவு அதேதான், தொட்டிதான் பெரிதாகிவிட்டது. ஒரு கிலோவாட் மணிக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணித்தியாலத்துக்கு 18 கிலோமீற்றர் ஏறும். பழைய பற்றரியிலும் 18, புதிய பற்றரியிலும் 18.

காருக்குள் உள்ள சார்ஜரை 6 கிலோவாட் அளவுக்கு மாற்றினால் வீட்டு நேரம் பாதியாகும். ஆனால் அது தனியான செலவு, தனியான வேலை. மேலும் அந்தச் சார்ஜர் முழு வேகத்தில் 26 அம்பியருக்கு மேல் இழுக்கும். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்புள்ள வீட்டில் கார் ஏறும்போது தண்ணீர் மோட்டாரையோ மின்னழுத்தியையோ போட்டால் வீடே இருண்டுவிடும். மின்சார சபையிடம் இணைப்பை உயர்த்த விண்ணப்பிக்காமல் இதைச் செய்வது அறிவீனம்.

வேகச் சார்ஜரில் உண்மையில் கிடைப்பது

வீதியோர வேகச் சார்ஜரில் கதை சற்று வேறு. இங்கே பெரிய பற்றரி உண்மையிலேயே உதவுகிறது.

மூன்றில் இரண்டாகத் தேய்ந்த 24 கிலோவாட் மணிப் பற்றரியில் மிஞ்சியிருப்பது 16 கிலோவாட் மணி. 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரை ஏற்றினால் உள்ளே போவது 10 கிலோவாட் மணிக்கும் குறைவு. அது 60 கிலோமீற்றர் ஓட்டம்கூட இல்லை. சிறிய, தளர்ந்த பற்றரிக்கு 50 கிலோவாட் என்பது பசியில்லாத பிள்ளைக்கு வாயில் சோற்றைத் திணிப்பது போல. அது சீக்கிரமே வாயை மூடிக்கொள்ளும்.

நல்ல நிலையிலுள்ள 40 கிலோவாட் மணிப் பற்றரியில் அதே 20இலிருந்து 80 வீதம் என்பது 24 கிலோவாட் மணி. ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அதே 50 கிலோவாட் இந்தப் பெரிய பற்றரியின் ஒவ்வொரு செல்லுக்கும் கொடுக்கும் சுமை குறைவு. ஆகவே அது பாதியைத் தாண்டும் வரை உயர்ந்த வேகத்தைத் தாங்கும். 40 நிமிடம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. கிளிநொச்சியில் ஒரு தடவை நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வவுனியாவைத் தாண்டிப் போக முடியும்.

ஆனாலும் கதவின் அகலம் 50 கிலோவாட்தான். புதிய கார்கள் 80, 100 கிலோவாட் வாங்குகின்றன என்பதால் பழைய லீஃபும் பற்றரி மாற்றியவுடன் அப்படி வாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெப்பமும் மறைந்துவிடவில்லை. 40 கிலோவாட் மணிப் பற்றரிக்கும் குளிரூட்டல் கிடையாது. 2018இல் புதிய 40 கிலோவாட் மணி லீஃப் வாங்கிய ஐரோப்பிய உரிமையாளர்கள், ஒரே நாளில் இரண்டாம் மூன்றாம் தடவை வேகச் சார்ஜ் போட்டபோது வேகம் பாதிக்கும் கீழே விழுவதைக் கண்டு முறையிட்டார்கள். பற்றரி சூடேறியதும் கணினி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியதே காரணம். குளிர் நாட்டிலேயே இந்த நிலை என்றால், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் வெயிலில் ஓடி, வழியில் இரண்டு தடவை வேகச் சார்ஜ் போட நினைப்பவர் முதலாவது தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் ஒரே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் கார் கொழும்புப் பயணத்துக்கு உரியது அல்ல. மாவட்டங்களுக்கு இடையில் ஓடுவதற்கு, இரவில் வீட்டில் ஆறுதலாகச் சார்ஜ் ஏறுவதற்கு, அவசரத்துக்கு ஒரு தடவை வேகச் சார்ஜ் போடுவதற்கு அது போதும்.

பிளக்கின் அரசியல்

இன்னொரு விடயம் பலர் கணக்கில் எடுக்காதது. சாடெமோ இணைப்பின் காலம் ஜப்பானுக்கு வெளியே முடிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பா சி.சி.எஸ். 2 இணைப்புக்குப் போய்விட்டது. சீனாவுக்குத் தனியான இணைப்பு உண்டு. லீஃபைத் தயாரித்த நிசான் நிறுவனமே தனது புதிய கார்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாடெமோவைக் கைவிட்டுவிட்டது. இலங்கைக்கு இப்போது வரும் புதிய கார்களில் பெரும்பாலானவை சாடெமோவைப் பாவிப்பதில்லை. சார்ஜர் நிலையம் போடும் முதலீட்டாளர் எந்தக் கார் கூடுதலாக வருகிறதோ அதற்குத்தான் வயர் போடுவார்.

ஆகவே பல இலட்சம் செலவழித்து வேகச் சார்ஜுக்காகவே பற்றரி மாற்றுபவர், அந்த வேகத்தைத் தரும் சொக்கெற் அடுத்த ஐந்து ஆண்டுகளில் தனது பாதையில் இருக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். சி.சி.எஸ். சார்ஜரிலிருந்து சாடெமோ காருக்கு மாற்றித் தரும் அடாப்டர்கள் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளன. விலை அதிகம், எல்லாச் சார்ஜர்களுடனும் ஒத்துப்போவதில்லை. மெதுச் சார்ஜ் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பொது இடங்களில் உள்ள டைப் 2 சொக்கெற்றிலிருந்து லீஃபின் டைப் 1 சொக்கெற்றுக்கு ஒரு சாதாரண வயரே போதும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு காரில் பெரிய பற்றரியைப் போடுவது பெட்டியைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டும் வேலை மட்டும் அல்ல. காரின் கணினி தனது பழைய பற்றரியின் மொழியைத்தான் அறியும். புதிய பற்றரி வேறு மொழி பேசும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும். இதை நியூசிலாந்து, கனடா போன்ற நாடுகளில் தொழிலாகவே செய்கிறார்கள். அங்கும் ஜப்பானில் பாவித்த லீஃப்கள் பெருமளவில் போய்ச் சேர்ந்த நியூசிலாந்தின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. சரியாகச் செய்தால் கார் ஆண்டுக்கணக்கில் ஓடும். அரைகுறையாகச் செய்தால் முகப்பில் தவறான கணக்குக் காட்டும், நடுவழியில் நிற்கும், வேகச் சார்ஜர் காரை ஏற்க மறுக்கும்.

பேசி முடிக்கும் முன்னர் சில விடயங்களைக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். காரின் ஓ.பி.டி. சொக்கெற்றில் சிறிய கருவி ஒன்றைச் செருகி, கைத்தொலைபேசியில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தால், பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம், 96 சோடிகளுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம், இதுவரை எத்தனை தடவை வேகச் சார்ஜ் போடப்பட்டது என்பவை தெரியும். நிறுத்திய நிலையில் பார்த்தால் போதாது. மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் மிஞ்சியிருக்கும்போது, வேகமாக முடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு சோடி மட்டும் மற்றவற்றை விட ஆழமாக விழுந்தால் அந்தப் பற்றரியை விட்டுவிடுங்கள்.

முகப்பில் 12 கோடும் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பற்றரியின் கட்டுப்பாட்டுக் கணினியை மீளமைத்து, தேய்ந்த பற்றரியையும் சில வாரங்களுக்கு முழுமையாகக் காட்டச் செய்ய முடியும். ஓடி ஓடிக் கணினி மறுபடி கற்றுக்கொண்டதும் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். அதற்குள் விற்றவர் தொலைபேசி எடுக்கமாட்டார். எனவே, உத்தரவாதம் கோடுகளைக் குறித்து அல்லாமல், முழுச் சார்ஜில் ஓடும் தூரத்தையும் காலத்தையும் குறித்து எழுத்தில் இருக்க வேண்டும்.

விலை நியாயமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கேட்கும் மொத்தத் தொகையை, கூடுதலாகக் கிடைக்கும் கிலோமீற்றரால் பிரியுங்கள். 80 கிலோமீற்றர் ஓடும் கார் 220 கிலோமீற்றர் ஓடும் என்றால் கூடுவது 140. பலவீனமான சில பகுதிகளை மட்டும் மாற்றி 80ஐ 100 ஆக்கும் வேலைக்கும், பாவித்த 30 கிலோவாட் மணிப் பற்றரிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய பற்றரியை யார் வைத்துக்கொள்கிறார் என்பதையும் பேசுங்கள். அதற்கும் விலை உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். தீப்பிடித்த பின்னர் "எங்களுக்குச் சொல்லவில்லை" என்ற பதிலைக் கேட்கக் கூடாது.

நாளொன்றுக்கு 40, 50 கிலோமீற்றர் மட்டும் ஓடி, இரவில் வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லாமல் இருக்கலாம். 8 கோடுள்ள காரும் அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். சொக்கெற்றைத் தனி வயரில் சரியாகப் போடுவதும், வெயிலில் நிறுத்தாததும், ஒவ்வொரு நாளும் முழுமையாக நிரப்பி அப்படியே விடாததும் அவருக்குக் கூடுதல் பயன் தரும்.

கைவினையும் ஆபத்தும்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி வடக்குக்குத் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. டோர்ச் லைற்றுக்குப் போடும் செல்கூடக் கிடைக்காத காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் உயிர் கொடுத்து, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டினோம். அந்தக் கார்கள் நோயாளிகளையும் காயப்பட்டவர்களையும் பிணங்களையும் சுமந்தன. இல்லாததைக் கொண்டு இருப்பதை ஓடவைக்கும் அந்தக் கைத்திறன் இன்னமும் நம் கராஜுகளில் இருக்கிறது. அதனால்தான் லீஃபின் பற்றரியையும் "கழற்றிப் பார்ப்போம்" என்ற துணிச்சல் வருகிறது.

ஆனால் மண்ணெண்ணெய்யில் செய்த பிழை எஞ்சினைத்தான் தின்றது. இங்கே செய்யும் பிழை ஆளைத் தின்னும். லீஃபின் பற்றரி முழுச் சார்ஜில் 400 வோல்ற்றை நெருங்கும் நேரோட்டம். எடை 300 கிலோ அளவில். பாதுகாப்புத் துண்டிப்பானைக் கழற்றிய பின்னரும் பெட்டிக்குள் உள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கும். உயர் மின்னழுத்தக் கையுறை, காப்பிட்ட கருவிகள், சரியான தூக்கி, அருகில் இன்னொருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. மோட்டார் சைக்கிள் பற்றரி மாற்றிப் பழகிய கைக்கு இது வேறு உலகம்.

இதற்குத் தேவையான பயிற்சியை வடக்கிலேயே கொடுக்க முடியும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. உயர் மின்னழுத்த வாகனத் திருத்தலுக்கு ஒரு குறுங்காலச் சான்றிதழ், பாவித்த பற்றரியைக் கட்டணத்துக்குச் சோதித்து எழுத்தில் அறிக்கை தரும் ஒரு சோதனைக் கூடம் ஆகிய இரண்டும் பெரிய முதலீடு வேண்டுபவை அல்ல. ஒரு சுயாதீனமான சோதனை அறிக்கை இருந்தால், புலம்பெயர்ந்த உறவு அனுப்பும் பணம் ஏமாற்றில் கரைவது பாதியாகக் குறையும். வேலை தேடி வெளிநாட்டுக்கு ஓடும் இளைஞர்களில் சிலருக்காவது இங்கே ஒரு தொழில் கிடைக்கும்.

பழைய பற்றரி எங்கே போகும்?

மாற்றிய பழைய பற்றரி குப்பை அல்ல. காருக்குப் போதாத 15 கிலோவாட் மணி, ஒரு வீட்டின் இரவு விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தாராளமாகப் போதும். 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில், மின்தேவை குறைந்ததால் கூரைச் சூரியசக்தித் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனது. பகலில் மிதமிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்து வைக்க இடமில்லாததுதான் நமது பிரச்சினை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வடக்கில், கூரைத் தகடும் பழைய கார்ப் பற்றரியும் சேர்ந்தால் அதற்கு ஒரு சிறிய பதில் கிடைக்கும். பகலில் வீட்டில் நிற்கும் காரை அந்தச் சூரிய மின்சாரத்திலேயே மெதுவாகச் சார்ஜ் செய்வது, வீதியோரத்தில் வேகச் சார்ஜுக்குக் காசு கொடுப்பதை விட மலிவானது, பற்றரிக்கும் நல்லது.

அப்படிப் பாவிக்கப்படாதவை எங்கே கொட்டப்படும் என்பதுதான் அச்சம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது, கிணற்றைத் திறந்து பார்க்கவே பயந்த காலத்தை நாம் மறக்கவில்லை. யாழ். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலம், மேலே ஊற்றுவதைக் கீழே கிணற்றுக்கு அனுப்பிவிடும். உடைத்த லிதியம் பற்றரியைக் காணிக் கோடியில் போட்டால் என்ன நடக்கும் என்று பரிசோதித்துப் பார்க்க நம்மிடம் இன்னொரு நிலம் இல்லை. பற்றரி மாற்றிக் கொடுப்பவரே பழையதைப் பொறுப்பேற்று, அனுமதி பெற்ற கழிவு முகாமையாளரிடம் சேர்க்க வேண்டும் என்ற விதி இப்போதே வேண்டும். கார்கள் எண்ணிக்கையில் பெருகிய பின்னர் அது பிந்திவிடும்.

யார் கேட்பது?

சார்ஜர் நிலையங்கள் இலாபம் தெரியும் இடத்தில் முதலில் முளைக்கும். அது கொழும்பும் தெற்கின் அதிவேக வீதிகளுமே. ஏ9 வீதியில் பளைக்கும் மதவாச்சிக்கும் இடையில், ஏ32இல் பூநகரிக்கும் மன்னாருக்கும் இடையில், முல்லைத்தீவில் எங்கே சார்ஜர் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் உள்ளூராட்சி சபைகளும்தான். அரச காணியில் சார்ஜர் போட அனுமதி கொடுக்கும்போது, புதிய கார்களுக்கான சொக்கெற்றுடன் ஒரு சாடெமோ வயரும் ஒரு சாதாரண மெதுச் சொக்கெற்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியும். புதுக் கார் வாங்க வசதியுள்ளவருக்கு வீட்டிலேயே பெரிய சார்ஜர் இருக்கும். வழியில் நின்று சார்ஜ் போட வேண்டிய தேவை பழைய கார் வைத்திருப்பவருக்குத்தான் கூடுதல்.

அது நடக்கும் வரை, பற்றரி விற்க வருபவரிடம் "எவ்வளவு வேகமாக ஏறும்?" என்று கேட்பதை விட, "எந்தச் சொக்கெற்றில், எத்தனை மணித்தியாலத்தில், எத்தனை கிலோமீற்றர் ஏறும்? அதை எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். எழுதித் தருபவரிடம் மட்டும் காசைக் கொடுங்கள்.